மூன்று மணிப் பஸ்ஸும் புளி விலையும்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலைமேல் ஜமுனாமரத்தூர் சந்தையில், ஓர் ஆய்வுத் திட்டத்துக்காக விலை குறிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. புள்ளியியலில் பட்டம் வாங்கியிருந்தேன். நல்ல வேலை வரும்வரை இது இருக்கட்டும் என்று சேர்ந்தேன். நல்ல வேலை வரவில்லை. மலையில் விளைகிற பொருள் என்ன விலைக்குப் போகிறது, ஏன் அந்த விலைக்குப் போகிறது என்று கண்டறிவது திட்டத்தின் நோக்கம். அலுவலகம் திருப்பத்தூரில் இருந்தது. மலையில் நான் ஒருத்தி.

சந்தை நாளில் மூன்று தடவை விலை எடுக்க வேண்டும். கடை பரப்பியதும் ஒன்று, உச்சிப்பொழுதில் ஒன்று, சந்தை கலையும்போது ஒன்று. சாமை, கேழ்வரகு, புளி, கடுக்காய், தேன் என்று வரிசைப்படி கேட்டுக்கொண்டே போவேன். அங்கே பேச்செல்லாம் படியிலும் மணங்கிலும் நடக்கும். அதைக் கிலோவாக மாற்றி எழுதுவது என் பாடு. கோடையில் கண் எரியும். மழையில் படிவம் ஊறிப்போகும். அறைக்குத் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்துவிடுவேன். அடுத்த வாரமும் இதே கேள்விகளை இதே ஆட்களிடம் கேட்க வேண்டும் என்ற நினைப்பே பாதி அசதி.

மாசியில் புளி வரத்து தொடங்கும். புளி வாங்க அடிவாரத்து ஆலங்காயத்திலிருந்து நாலைந்து வியாபாரிகள் காலைப் பஸ்ஸில் ஏறி வருவார்கள். வாங்கிய மூட்டைகளைப் பஸ்ஸின் தலையில் ஏற்றிக்கொண்டு மூன்று மணிப் பஸ்ஸில் மலை இறங்கிவிடுவார்கள். அதைவிட்டால் அன்றைக்கு வேறு பஸ் கிடையாது. விற்கிறவர்களோ ரோடு இல்லாத ஊர்களிலிருந்து காட்டுவழியாகச் சுமந்து வந்தவர்கள். பொழுது சாய்வதற்குள் அதே காட்டுவழியாகத் திரும்ப வேண்டியவர்கள். கரடி நடமாட்டம் உள்ள வழி.

உச்சிக்கும் சந்தை கலைவதற்கும் நடுவில் எனக்கு வேலை இருக்காது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், மூன்று மணிக்குச் சற்று முன்னால் நாலாவதாக ஒரு விலையும் குறித்து வைத்தேன். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். சில வாரங்களில் அந்த ஓரம்தான் படிவத்திலேயே பார்க்கத்தக்க இடமாகிவிட்டது. பஸ் கிளம்பப் போகும் நேரத்தில் புளி விலை சட்டென்று ஏறியது. டிரைவர் ஹாரன் அடிக்க, வியாபாரி அரைக் கோணியோடு நின்று, கேட்ட விலையைக் கொடுத்து மீதியை நிரப்பிக்கொண்டு ஓடுவார். பஸ் போனதும் விலை தரைக்கு வந்துவிடும். அப்புறம் வாங்குவதற்கு உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர்தான். அவர் சொன்னதுதான் விலை.

நான் இளைப்பாற உட்காருவது ஒரு புளிக்காரி அக்காவின் பக்கத்தில். நாற்பது வயது இருக்கும். புளியைக் கொட்டை எடுத்து, நார் உருவி, சுத்தமாகக் கொண்டுவருவார். "வெலை மட்டும் கேட்டுனு போறியே பாப்பா, ஒரு நாளாவது வாங்குனியா?" என்று முதல் மாதமே கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு என் சமையலுக்கு அவர் புளிதான்.

அவருடைய வீட்டுக்காரர் ஒவ்வொரு வருஷமும் புளிக்காலம் முடிந்ததும் குடகுக்குப் போவார், காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்களின் கிளை கழிக்க. முந்தின வருஷம் மரத்திலிருந்து விழுந்து கை உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் கையோடு இனி உயர மரம் ஏறக்கூடாது என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். சாமை அறுப்பு வரைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்குப் புளி ஈடுகொடுத்தால் அவர் போகத் தேவையில்லை. கொடுக்காவிட்டால் ஆள் பிடிக்க வரும் மேஸ்திரியோடு போய்த்தான் ஆக வேண்டும். அந்த வருஷம் ஈடுகொடுத்தது, ஒரு மயிரிழையில். அவர் போகவில்லை.

சாயங்காலம் இன்னொரு நடை பஸ் விடச் சொல்லி மனு கொடுத்தால் கிடைக்கும் என்று அப்போது ஒரு பேச்சு வந்தது. அக்கா இன்னும் ஏழெட்டுப் பெண்களோடு என்னிடம் வந்தார். நான் எழுதித்தர வேண்டும்.

"பஸ்ஸு போச்சுன்னா வெலை போச்சு. நீயே பாத்துனுதானே கீற? அது ஆறு மணிக்குப் போனா ஆறு மணி வரைக்கும் வெலை நிக்கும்" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் என் ஓரக் குறிப்புகள் வேறு சொல்லின. விலை ஏறியது பஸ் நின்றிருந்ததால் இல்லை. அது போய்விடும் என்ற பயத்தால். அந்தப் பயம் வாங்குகிறவருக்கு. ஆறு மணிக்கு ஒரு பஸ் வந்தால் பயம் இடம் மாறிவிடும்.

"அவங்க அவசரத்துலதான்க்கா ஏத்திக் குடுக்கறாங்க. சாயங்காலம் பஸ் இருந்தா அவங்க எதுக்கு அவசரப்படணும்? இருட்டுறதுக்குள்ள போகணும்னு நீங்கதான் அவசரப்படுவீங்க" என்று சொன்னேன்.

"அவனும் வூடு போய்ச் சேரணும்தானே? அவனுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லியா?"

"அவன் லேட்டா வந்தா அவ சந்தோசமா இருப்பா" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

என்னிடம் இருந்த ஒரே சாட்சியைச் சொன்னேன். பங்குனியில் ஒரு சந்தை நாள் கோடை மழையில் பஸ் மலைப்பாதையில் நின்றுவிட்டது. இருட்டிய பிறகுதான் கிளம்பும் என்று மதியமே தகவல் வந்தது. அன்றைக்கு வியாபாரிகள் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று மணிக்கு விலை ஏறவில்லை. நான்கு மணிக்குப் பெண்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நடையைக் கட்டினார்கள்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கு மழ பாப்பா. நனஞ்ச புளிய எவன் எடுப்பான்?"

மழையும் பஸ்ஸும் ஒரே நாளில் வந்திருந்தன. எது விலையை இறக்கியது என்று பிரித்துச் சொல்ல இன்னொரு நாள் வேண்டும், மழை பெய்து பஸ் நேரத்துக்குப் போகிற நாள், அல்லது வெயில் அடித்துப் பஸ் நிற்கிற நாள். அப்படி ஒன்று வரவில்லை. ஒரே ஒரு நாளை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்றுதான் எனக்கும் கற்பித்திருந்தார்கள். தவிரவும், சாயங்காலப் பஸ்ஸுக்கு வேறு காரணங்களும் இருந்தன. நோயாளிகள், பிள்ளைப்பேற்றுக்கு இறங்குகிறவர்கள், கீழே கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போகிறவர்கள். மனுவில் அவற்றை முதலில் எழுதி, சந்தையைக் கடைசியில் வைத்தேன். படித்துக் காட்டியதும் அக்கா சந்தையை முதலில் வைக்கச் சொன்னார். அவர்கள் மனு; வைத்தேன். எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள்.

அடுத்த தடவை திருப்பத்தூர் போனபோது மேலதிகாரியிடம் ஓரக் குறிப்புகளைக் காட்டினேன். நல்ல மனிதர், டீ வரவழைத்தார். நாலு விலை அனுப்பினால் சராசரி போடுகிற கிளார்க் குழம்பிவிடுவார், மூன்றே போதும் என்றார். அந்த மூன்றையும் கூட்டி வகுத்து, ஒரு சந்தைக்கு ஒரு விலை என்று மேலே அனுப்பினார்கள். மூன்று மணி ஏற்றம் கணக்கிலேயே வராமல், கடைசி இறக்கம் சராசரியில் கரைந்து, புளி விலை வருஷம் முழுக்க அமைதியாக இருந்ததுபோல ஒரு கோடு மட்டும் மிஞ்சியது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனேன்.

அடுத்த புளிக்காலத்துக்கு முன்பே சாயங்காலப் பஸ் வந்துவிட்டது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அக்கா எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்.

மாசியில் முதல் பெரிய வரத்து. மூன்று மணிக்கு ஹாரன் அடித்தது. வியாபாரிகள் யாரும் எழவில்லை. ஒருவர் துண்டை விரித்து மரத்தடியில் படுத்தார். கண்டக்டர் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் முக்கால்வாசி காலியாக இறங்கிப்போனது. பெண்கள் அது போன திசையைப் பார்த்தார்கள். அப்புறம் மலைமேல் வெயிலைப் பார்த்தார்கள்.

நான்கு மணிக்கு அக்கா அந்தத் துண்டுக்காரரிடம் போய் விலை கேட்டார். அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னாம்மா அவசரம்? ஆறு மணிக்குத்தானே பஸ்ஸு. குந்து."

முதல் வாரம் அக்கா விற்கவில்லை. மூட்டையைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டாவது வாரமும் சுமந்து வந்து சுமந்து போனார். மூன்றாவது வாரம் பெண்கள் கூடிப் பேசி, மூன்று மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாக மூட்டை கட்டுவது என்று முடிவு செய்தார்கள். கட்டவும் கட்டினார்கள். வியாபாரிகள் எழுந்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நடை குறைவு. அவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் இருக்க முடியும். அவர்களில் இரண்டு பேர் மூட்டையைப் பிரித்ததும் மற்றவர்களும் பிரித்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. சாயங்காலப் பஸ்ஸில் தாங்களே ஆலங்காயம் இறங்கி விற்கலாமே என்று நான் கேட்டேன். ராத்திரி எங்கே படுப்பது என்று அக்கா கேட்டார், நானும் விட்டுவிட்டேன்.

அந்த மூன்று வாரமும் வெயில் அடித்தது. பஸ்ஸும் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனது. போன வருஷம் என்னிடம் இல்லாத சாட்சி இப்போது வாராவாரம் சேர்ந்துகொண்டிருந்தது. எதையும் நிரூபித்துவிட்ட சந்தோஷம் எனக்கு வரவில்லை. ஓரத்தில் எழுதுவதைக்கூட ஒரு வாரம் விட்டுவிட்டேன். பிறகு பழக்கத்தில் எழுதினேன்.

சித்திரையில் மேஸ்திரி வந்தார். அதற்குள் அக்கா புளியை நான்கு மணி விலைக்கே விற்று முடித்திருந்தார். சாமை அறுப்பு வரைக்கும் அந்தப் பணம் வராது என்பது கணவன் மனைவி இரண்டு பேருக்குமே தெரியும். வீட்டுக்காரர் குடகுக்குப் புறப்பட்டார். ஒரு சந்தை நாளில், சாயங்காலப் பஸ்ஸில்தான். முன்பெல்லாம் மூன்று மணிப் பஸ்ஸைப் பிடிக்க மதியம் சாப்பிடாமலே ஊரிலிருந்து கிளம்புவார்களாம். இப்போது சாப்பிட்டு நிதானமாக வர முடிந்தது என்றார். துணிப்பையைக் கோணல் கையில் மாட்டிக்கொண்டு, நல்ல கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். என்னைப் பார்த்து, "வர்றேம்மா" என்றார்.

பஸ் வளைவில் மறைந்த பிறகும் அக்கா அங்கேயே நின்றார். அன்றிரவு மட்டும் தங்கிக்கொள்ள ஜமுனாமரத்தூரில் ஒரு உறவுக்காரரிடம் கேட்டு வைத்திருந்தார், அதனால் அவசரமில்லை. என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இந்தப் பஸ்ஸ எடுத்துடச் சொல்லி ஒரு மனு எழுதித் தர்றியா?"

விலை எழுதும் அட்டையில் வெள்ளைத் தாள் இருந்தது. எடுத்தேன். என்னிடம் அவர்களுக்கு உதவுகிற எண்கள் இருந்தன, இந்தத் தடவை மழை என்று யாரும் சொல்ல முடியாத எண்கள். யாருக்கு, எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா மறுபடி பஸ் போன வளைவைப் பார்த்தார். போன மாதம் அவர் ஊரிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு கட்டிலில் சுமந்துகொண்டு வந்து இந்தப் பஸ்ஸில்தான் ஏற்றினார்கள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. ஆலங்காயம் வரைக்கும் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்திருந்தது அக்காதான். தாயும் பிள்ளையும் பிழைத்திருந்தார்கள்.

"வோணாம்" என்றார். "எழுதாத."

"சந்தை நாள்ல மட்டும் வேணாம்னு எழுதலாம்க்கா."

"சந்த நாள்ல வலி வராதா?"

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அக்கா காலிக் கோணியை உதறி நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வீட்டுக்காரர் குடகிலிருந்து திரும்பும்போது உனக்கும் காப்பிக்கொட்டை கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். சரி என்றேன். அவர் உறவுக்காரர் வீட்டுப் பக்கம் நடந்தார். எனக்குக் கடைசி விலை எடுக்க வேண்டியிருந்தது. உள்ளூர்க் கடைக்காரர் தராசைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.