பிணமாகப் படுத்தவர் சிரிக்க வேண்டும்

கோவிலம்பாக்கம் தனக்கோடி அக்காவை இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியும். சினிமாவுக்குத் துணை நடிகர்களை அனுப்புகிற ஏஜென்ட் நான். அக்கா என் ஆள். சந்தைக் காட்சியில் காய் வாங்குவார், கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், கல்யாணத்தில் அட்சதை போடுவார். எந்தப் படத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. ஹீரோ வளர்க்கிற நாய்க்குக்கூடப் பெயர் போடுவார்கள், இவருக்குப் போட மாட்டார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும், அவர் கண்டுகொள்ள மாட்டார்.

அப்படிப்பட்டவருக்கு அந்தப் படம் வந்தது. கடலுக்கடியில் ஒரு ராஜ்ஜியம், அதற்கு ஒரு சாபம் என்று போகிற தடித்த நாவலைப் படமாக்கினார்கள். இளவரசன், மந்திரவாதி, மீன்வால் சேனாதிபதி என்று எல்லா வேடத்துக்கும் பெரிய பெரிய முகங்கள். நாவலில் நாற்பது பக்கம் வாழ்ந்துவிட்டுச் சாகிற கிழட்டு மகாராணி, படத்தில் வரும்போதே பிணமாகத்தான் வருகிறாள். வசனமே இல்லாத பிணத்துக்குப் பெரிய நடிகை எதற்கு? அக்காவின் முகவெட்டு இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. நடிகர் பட்டியலில் பெயர் போடுவதாகவும் சொன்னார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், ஷாட் முடிந்ததும் அதே கோலத்தில் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்த பிறகுதான் எழுந்திருக்கலாம். சிரிக்காமல் எழுந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றுதான் சொல்வேன்.

பெருங்களத்தூரைத் தாண்டி செட் போட்டிருந்தார்கள். பிண ஷாட் ஓகே ஆன நிமிடத்தில் மழை கொட்டியது. கேமராவுக்குத் தார்ப்பாய் போட எல்லோரும் ஓடினார்கள். அக்கா மட்டும் சிப்பி ஒட்டிய கட்டிலில் கண்ணைத் திறக்காமல் நனைந்தபடி கிடந்தார்.

"சிரிக்கிற ஷாட் எடுக்கலியே, உமர் பாய்?"

"நாளைக்கு எடுத்துக்கலாம், எழுந்து வாங்க அக்கா. காய்ச்சல் வந்துடும்."

மறுநாள் அவருக்கு வேலையே கிடையாது. தெரிந்தேதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை, பள்ளிக்கரணை அருகே அவருடைய மகன் மோகன்ராஜின் வண்டி மீது தண்ணீர் லாரி மோதியது. ஒரே பிள்ளை, இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சிரிக்காம எழுந்து வந்துட்டேன், பாய். அதான் இப்படி ஆயிப்போச்சு. அந்த ஷாட்ட மட்டும் எடுக்கச் சொல்லு. புள்ள பொழச்சிக்குவான்."

அவர் கணவர் ஏகநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "உனுக்கு இன்னா பைத்தியமா? புள்ள இங்க கெடக்கறான், நீ எங்க போவப்போற?"

நானும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவரை எழுப்பிவிட்டவன் நான்தானே. இரண்டு நாள் கேமராமேனிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் தருவதாகச் சொன்னார். அன்று காலை பையன் லேசாகக் கண் விழித்திருந்தான். அதனால் அக்காவுக்கு அவசரம் இன்னும் கூடிவிட்டது.

அதே பட்டுப்புடவை, அதே நரைமுடி விக், அதே கட்டில். படுத்தார்.

"சிரிங்கம்மா" என்றார் கேமராமேன்.

முதலில் உதடு நடுங்கியது. பிறகு கண்ணைத் திறந்து சிரித்தார். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நம்பிச் சிரித்த சிரிப்பு. விக்கைக் கழற்றுவதற்குள் ஏகநாதனிடமிருந்து போன் வந்தது. மோகன்ராஜ் போய்விட்டான்.

படம் ஓஹோவென்று ஓடியது. தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். முடிவில் நடிகர் பட்டியலோடு, படப்பிடிப்பில் வசனம் மறந்து சிரித்தவர்கள், தடுக்கி விழுந்தவர்கள் என்று வேடிக்கைத் துண்டுகளை ஓட்டினார்கள். இளவரசனுக்கும் மந்திரவாதிக்கும் நடுவே, கட்டிலில் கிடந்த மகாராணி கண்ணைத் திறந்து சிரித்தாள். கீழே தனக்கோடி என்று போட்டிருந்தது. தியேட்டரே கைதட்டியது. பின்னால் விசிலடித்தவனை அறைய வேண்டும்போல இருந்தது. அவன் என்ன செய்வான், பாவம்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மகன் போன பிறகு அவர் எந்தப் படப்பிடிப்புக்கும் வருவதில்லை.

"பேரு வந்துதாமே, பாய்?"

"வந்துது அக்கா."

"நான் சிரிச்சதையும் போட்டாங்களாமே?"

பொய் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அந்த நேரத்துலதான், பாய், 'அம்மா எங்க'ன்னு கேட்டானாம். இவரு இன்னா சொல்றதுன்னு தெரியாம, 'வந்துகினே கீறா'ன்னு சொன்னாராம். அவன் வாசலயே பாத்துகினு இருந்தானாம்."