குத்தாத சீட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் ஊரில் பஞ்சாயத்து வார்டு மெம்பர் தேர்தல் வந்தது. குடைச் சின்னத்தில் என் மாமனார் நின்றார். ஏணிச் சின்னத்தில் என் கூடப்பிறந்த அண்ணன் நின்றான். மூன்றாவதாக ஒருத்தன் நின்று தொலைத்திருந்தால் அவனுக்குக் குத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஒருத்தனும் நிற்கவில்லை.

நான் அப்போது ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு அடுத்த தெருவில் இருந்த அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அனுப்ப வேண்டியவர் மாமனார், அழைக்க வேண்டியவன் அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். இரண்டு பேரில் யார் முறுக்கிக்கொண்டாலும் என் பாடு திண்டாட்டம்.

எங்கள் ஊரில் சத்தியம் வாங்குவதென்றால் உப்பைத் தொட்டுத்தான். வேறு ஊர்க்காரர்கள் கற்பூரம் தேடி அலைவார்கள். எங்களுக்கு அந்தச் சிரமம் கிடையாது, காலடியில் குவியல் குவியலாகக் கிடக்கும். மாமனார் ஒரு பிடி உப்பை முறத்தில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

"எனக்கு எதிரா ஓட்டு போட மாட்டேன்னு தொடு. அன்னிக்கி வயித்து வலி, தலைவலின்னு படுத்துக்கவும் கூடாது."

தொட்டேன். மறுநாள் அண்ணன் கை நிறைய உப்போடு வந்து அதையே கேட்டான். அதையும் தொட்டேன். என் சத்தியத்தில் செலவான உப்பை வைத்து ஒரு மாதம் குழம்பு கூட்டியிருக்கலாம்.

என் வீட்டுக்காரருக்கு அப்பாவுக்குப் போடுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. அவரிடம் மட்டும் என் யோசனையைச் சொன்னேன். போவேன், மை வைத்துக்கொள்வேன், எதிலும் குத்தாமல் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

"அதுக்குப் போகாமலே இருந்துடேன். ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகாம இருக்கறதும், போயிட்டு நீங்க தூங்கிட்டு வர்றதும் ஒண்ணா?" என்று கேட்டேன்.

பள்ளிக்கூடத்தில் சாக்குத் துணி கட்டி மறைப்பு வைத்திருந்தார்கள். உள்ளே போய்ச் சீட்டைப் பார்த்தேன். குடையும் ஏணியும் என்னைப் பார்த்தன. முத்திரைக் கட்டையை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். தேர்தல் வேலைக்குக் கிளியனூர்ப் பக்கமிருந்து வந்திருந்த வாத்தியார் வெளியிலிருந்து, "ஏம்மா, உள்ள தூங்கிட்டியா?" என்று குரல் கொடுத்தார். அவசர அவசரமாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் மாமனார் என் விரல் மையைப் பார்த்துத் தலையாட்டினார். கொஞ்சம் தள்ளி நின்ற அண்ணனும் தலையாட்டினான். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே எண்ணினார்கள். ஆளுக்கு நூற்றுப் பதினெட்டு. செல்லாத ஓட்டு இரண்டு. ஒன்றில் இரண்டு சின்னத்திலும் பளிச்சென்று முத்திரை விழுந்திருந்தது. இன்னொன்றை வாத்தியார் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்ல" என்றார்.

இரண்டிலும் குத்தினவனை ஊர் உடனே மன்னித்துவிட்டது. "பாவம், ரெண்டு பேரும் வேணும்னு ஆசைப்பட்டுட்டான்." குத்தாதவனுக்குத்தான் வசவு. "கொழுப்புடா அவனுக்கு! யாருமே வேணாமாமா?" எனக்குக் காது எரிந்தது. யாருமே வேண்டாமென்றா நினைத்தேன்? இரண்டிலும் குத்தித் தொலைத்திருக்கலாமே என்று அப்போதுதான் உறைத்தது.

சமமாக வந்ததால் குலுக்கல் என்றார் வாத்தியார். இரண்டு பேர் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினார். "ரெண்டு பக்கமும் ஒத்துக்கற ஆளா ஒருத்தர் வந்து எடுங்க" என்றதும் கூட்டமே என் பக்கம் திரும்பியது. தங்கச்சியும் இவள்தான், மருமகளும் இவள்தான், இவளை விட்டால் யார் என்று என்னை முன்னால் தள்ளினார்கள்.

டப்பாவுக்குள் கை விட்டேன். மாமனார் நல்லவர், ஒருநாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் உள்ளே விரல் காகிதத்தில் பட்டபோது, மாதாவே, அண்ணன் பேர் வரட்டும், அண்ணன் பேர் வரட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இந்த ஆசை இத்தனை நாளாக எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை.

மாமனார் பேர் வந்தது.

நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். மாமனார் ஜெயித்த சந்தோஷத்தில் மருமகள் அழுகிறாள் என்று என் தெருப் பெண்கள் உருகிப் போனார்கள். மாமனாரோ தலைகால் புரியாமல், "பொண்ணை எப்ப வேணும்னாலும் அழைச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்று கூட்டத்துக்கு நடுவே அறிவித்தார்.

அண்ணன் வரமாட்டான் என்றுதான் பயந்திருந்தேன். அந்த வாரமே மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துக் கொண்டுவந்து நிறுத்தினான். அடுத்த தெருவுக்கு வண்டி! என்னைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்காரவைத்தான்.

"சீட்டு எடுத்ததுக்கு அழுதியாமே? நீ இன்னா பண்ணுவ, அது கை செஞ்சது" என்றான். "நீ எனக்குத்தான் போட்டிருப்பேன்னு எனக்குத் தெரியும்டி. அந்த வெத்துச் சீட்டுக்காரன் யாருன்னு மட்டும் தெரியட்டும், அவனை வச்சிக்கறேன்."

"ஆமாண்ணே, அவனைச் சும்மா விடக்கூடாது" என்றேன்.