எரிமலையில் போன செருப்பு

பிள்ளைகளா, உங்களைச் சபாக் ஊரில் இருக்கும் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, குலுக்கலில் கிடைத்த கப்பல் பயணத்தில் நானும் அம்மாவும் எரிமலைத் தீவைப் பார்க்கப் போனோமே, அங்கே நடந்தது இது.

கரும்பாறை இடுக்கெல்லாம் புகை. குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டக் கூடாது என்றார் வழிகாட்டி. எனக்கோ ஒரே குஷி.

"தோட்டத்துக் கோயில்ல வருஷா வருஷம் தீ மிதிக்கிறவன்லா நான்!" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டப் போனேன்.

உங்கள் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அதுக்கு வெரதம் இருந்தீங்க. இன்னிக்கிக் கப்பல்ல கோழிக்கால் தின்னுட்டுல்ல வந்தீங்க!"

இழுத்த வேகத்தில் ஒரு செருப்பு கயிற்றுக்கு அப்பால் விழுந்தது. மண் அப்பளமாய் நொறுங்கிச் செருப்பை விழுங்க, ஆவி சீறியது. ஒற்றைச் செருப்போடு நான் நொண்ட, கப்பல்வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

இப்போதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறேன். ஊர் திரும்பியதும் தனியாகக் கோயிலுக்குப் போய், ஆறிக் கிடந்த தீக்குழியின் மண் கெட்டியாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கும்பிட்டேன்.