காலை ஏழு மணிக்கு அளந்த மழை

ரிவர்ஸ்டன் வீதியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வளைவு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக மழையை அளந்துவருபவர் வேலம்மா. வயது ஐம்பத்தெட்டு. முதுகில் அடிபட்டு, கொழுந்துக் கூடையைச் சுமக்க முடியாமல் போனபோது, தோட்டத்து ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். ஆபீஸின் பின்புறம் நிற்கும் மழைமானியும் அந்த வேலையோடு சேர்ந்து வந்தது.

அவர் அளப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் புனலைக் கழற்றி, உள்ளே தேங்கிய நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றுவார். குவளையைக் கல்லின்மேல் வைத்து, வலிக்கும் முதுகோடு முழந்தாளிட்டு, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்து வாசிப்பார். குவளை நிரம்பினால் கொட்டிவிட்டு மறுபடியும் ஊற்றுவார். ஊற்றிய தடவைகளுக்கு விரல்களை மடக்குவார். பிறகு அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய், தோட்டத்துப் புத்தகத்தை எழுதும் கிளாக்கர் மாணிக்கவாசகத்திடம் ஒப்புவிப்பார். வழியில் யார் பேச்சுக் கொடுத்தாலும் பதில் வராது. காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நிற்கும் பெண்கள், "மழை பேஞ்சா வேலம்மாவுக்கு வாய்ப்பூட்டு" என்று கேலி செய்வார்கள்.

என் பெயர் ஸக்கரியா; ஊரார் அண்ணன் முறை வைத்து ஸக்கரியா நானா என்பார்கள். பதினேழு ஆண்டுகள் இந்த மலைகளுக்கு ஆட்களைக் கூட்டிச்சென்ற வழிகாட்டி. வடகிழக்குப் பருவமழை எங்கள் மலையை டிசம்பரில்தான் ஊறவைக்கும். விடுமுறைக்காரர்கள் ஏற வருவதும் அதே டிசம்பரில்தான். ஆகையால் மண்சரிவைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் இரவல் வாங்கி நானாகவே படித்தேன். வீட்டுத் தோட்டத்தில் ஒரு மழைமானி வைத்தேன். நாள்தோறும் அளந்து கொப்பியில் எழுதினேன்.

மலைப்பாதைக்கு ஒரு குழு இருந்தது. அதற்கு ஒரு விதியும் இருந்தது. தோட்டத்துப் புத்தகத்தில் ஒரு நாள் மழை எழுபத்தைந்து மில்லிமீற்றரைத் தாண்டினால், அளவு பதிவான நாளும் அதற்கு மறுநாளும் பாதை மூடப்பட வேண்டும். 2022 டிசம்பர் 13ஆம் திகதி, பாதை திறந்திருப்பதாகக் குழுவின் அறிவிப்புப் பலகை சொன்ன ஒரு காலையில், பதினொரு பேரை நான் பாதி வழியில் திருப்பிக் கூட்டிவந்தேன். முந்தைய நாள் என் கொப்பியில் 118 என்றிருந்தது. மலை சரியவில்லை. வந்தவர்கள் முறைப்பாடு செய்தார்கள். விசாரித்த குழு, தோட்டத்துப் புத்தகத்திலிருந்து அந்த ஒரு நாளுக்குரிய வரியை மட்டும் வரவழைத்தது: டிசம்பர் 12, ஆறு மில்லிமீற்றர். நான் மழையைப் பொய்யாக எழுதியதாகத் தீர்மானித்து, வழிகாட்டி அட்டையைப் பறித்துக்கொண்டார்கள். மாதம் முழுவதற்குமான பிரதி கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினேன். "அவசியமில்லை" என்ற பதிலும், மற்ற எல்லாத் தாள்களும் என்னிடம் ஒரு பச்சைக் கோப்பில் இருக்கின்றன.

எனக்குப் பதிலாக நியமிக்கப்பட்டவர் வேலம்மாவின் மகன் துஷாந்த். அதில் எனக்கு வருத்தம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. வேலம்மாவும் அதை அறிந்து, அதன் பின்னர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அவர் மறுபடி வந்தது 2024 டிசம்பர் 21, சனிக்கிழமை, காலை எட்டரை மணிக்கு. அன்றைய அளவை ஒப்புவித்த கையோடு இறங்கி வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"நானா, நேத்து காலையில நான் தொண்ணூத்தாறு ஊத்தினேன். இன்னைக்கு பாதை தொறந்திருக்குன்னு பலகையில போட்டிருக்காங்க. எங்க துஷாந்த் ஒம்போது பேரைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். இது எப்படிங்க?"

என் கொப்பியைத் திறந்தேன். 20ஆம் திகதிக்கு நேரே 94. விதிப்படி மறுநாளான 21ஆம் திகதியும் பாதை மூடியிருக்க வேண்டும். பச்சைக் கோப்பையும் எடுத்துவந்து, பழைய வரியைக் காட்டினேன். "இங்க பாருங்க அக்கா, ரெண்டு வருஷத்துக்கு முந்தியும் இப்பிடித்தான். பன்னெண்டாந் திகதி நான் நூத்திப் பதினெட்டு எழுதியிருக்கன். உங்கட புத்தகத்துல ஆறுதான் இருக்கு."

வேலம்மா திகதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பன்னெண்டாந் தேதி காலையில அளந்ததைப் பதினொண்ணுலதாங்க போட்டிருப்பாங்க."

"ஏன்?"

"முந்தின நாள் பேஞ்ச மழை முந்தின நாள் கொழுந்தோடதானே சேரும்? கொழுந்தும் மழையும் ஒரே வரியில இருக்கணும். எத்தனை கெளாக்கர் மாறினாலும் எங்க தோட்டத்துல அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பதினேழு ஆண்டுகளாக இரண்டு வளைவுக்கு அப்பால் இருந்தும் நான் கேட்கவில்லை. அளக்கும் நாளின் கீழே எழுத வேண்டும் என்று நூலில் படித்ததை உலக வழக்கம் என்று எண்ணியிருந்தேன். பலகை எழுதியவர்களும் கேட்கவில்லை. 20ஆம் திகதி காலையில் அளந்த மழை புத்தகத்தில் 19இல் இருந்தது. அதன்படி மூடவேண்டிய நாட்கள் 19, 20. அவற்றில் முதலாவது, அளப்பதற்கு முன்பே முடிந்துபோன நாள்; 21இல் பாதையைத் திறந்துவிட்டார்கள்.

வேலம்மா அதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டார். தொலைபேசிக் கோபுரம் நிற்கும் டவர் வளைவைத் தாண்டினால் சிக்னல் கிடைக்காது. அதை வாங்கி நான்தான் எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டிக் கொடுத்தேன்.

"டேய், எங்க இருக்க?"

"டவர் வளைவுல, டீக்கடையில. இப்பதான் ஏறப்போறோம்."

"ஏறாத. திரும்பி வா."

"பாதை தொறந்திருக்கும்மா. பலகையைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"பலகையா மழைய அளந்திச்சு? நான்டா அளந்தேன். இன்னைக்கும் மூடித்தான் இருக்கணும். தேதியைத் தப்பா எடுத்துட்டாங்க."

மறுமுனையில் சிரிப்பு. "ஸக்கரியா நானா வீட்டுல இருக்கீங்களா? அவர் சொல்லிக் குடுத்ததா இது?"

"அவருக்கே இப்ப நான்தான்டா சொல்லிக் குடுத்தேன்!"

"பேங்க் ஆளுங்கம்மா. கொழும்புல இருந்து விடியுமுன்னே கெளம்பி வந்திருக்காங்க. அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"ஆபீஸ் கூட்டுற பொம்பள சொன்னான்னு சொல்லு. அந்தச் சரிவுக்குக் கீழ கால வச்சேன்னா, திரும்பி வந்து எங்கிட்ட சோறு கேக்காத."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தோம், கிடைக்கவில்லை. வேலம்மா எங்கள் வாசற்படியில் அமர்ந்து, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் அப்படியே கழிந்தது. தேநீரை இருவருமே தொடவில்லை.

ஒன்பதேகாலுக்குத் தொலைபேசி அடித்தது.

"அம்மா, நானாகிட்ட குடுங்க... நானா, நான் மட்டும் மொதல் வளைவு வரைக்கும் போய்ப் பார்த்தேன். ஊத்துத் தண்ணி எப்பவும் தெளிஞ்சு வரும்ல? இன்னைக்கு பால்டீ நெறத்துல வருது. சின்னச் சின்னக் கல்லு உருண்டு பாதையில கெடக்கு."

"ஆக்கள் எல்லாரும்?"

"கடையிலதான். ரொட்டி சாப்பிட்டுக்கிட்டே என்னைத் திட்டுறாங்க."

"திட்டட்டும்" என்றேன். வேலம்மா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

மலை அன்று சரியவில்லை. அதையும் எழுதிவைப்பதுதான் முறை. ஆனால் கலங்கிய ஊற்றைப் பற்றி துஷாந்த் எழுத்தில் கொடுத்தமையால் பாதையைக் காலவரையின்றி மூடினார்கள். நான்காம் நாள் காலையில், வழக்கமாக ஆட்கள் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும் இடம் உட்பட, ஏறக்குறைய அறுபது அடிப் பாதை மண்ணோடு கீழே போனது. அங்கே ஒருவரும் இல்லை.

ஜனவரியில் குழு கூடியது. கிளாக்கர் மாணிக்கவாசகம் 2022 டிசம்பர் புத்தகத்தை முழுதாகக் கொண்டுவந்து விரித்தார். பதினோராம் திகதி வரியில், கொழுந்து நிறைக்குப் பக்கத்தில், 116 என்று இருந்தது; பன்னிரண்டாம் திகதி வரியில் இருந்த ஆறு, பதின்மூன்றாம் திகதி காலையில் அளந்தது. "ரெண்டு பேரும் சரியாத்தான் எழுதியிருக்கோம் நானா" என்றார். எந்த நேரத்தில் அளந்தேன் என்பதை என் கொப்பியில் ஒரு பக்கத்திலும் நான் குறிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். இப்போது பலகையில் "இன்று காலை ஏழு மணிக்கு அளந்தது" என்ற வரி உண்டு.

அட்டையைத் திருப்பித் தரும் கடிதம் பதினாறாம் திகதி வந்தது. அதில் வருத்தம் தெரிவிக்கும் சொல் ஒன்றும் இல்லை. இருந்தும் அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் கடிதத்தை வேலம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பந்தியில், "மழை அளப்பவர் வழங்கிய தகவலின் பேரில்" என்று இருந்தது. அதை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். தாள் எதையும் சேர்த்துவைக்கும் பழக்கம் இல்லாதவர்.

"எனக்கும் ஒரு போட்டோக்கொப்பி எடுத்துக் குடுங்க நானா."

"எதுக்கு அக்கா?"

"துஷாந்த் இனிமே எதுத்துப் பேசினா காட்டணும்ல."

ரத்தோட்டை நகரில் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன்.