பால்கனி வேண்டாம் என்ற கடற்கரைக்காரர்

சிதம்பரம் தெற்கு வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இளவரசுவிடம் கண்ணாடி வாங்கப் போனால், ஒரு கடல் கதையும் இலவசமாகக் கிடைக்கும். சொந்த ஊர் கடலூர் சோனாங்குப்பம். அப்பா கடலுக்குப் போனவர், அண்ணன் ராஜவேல் இன்றைக்கும் போகிறார். ஆகவே புயல், சுறா, நடுக்கடலில் மோட்டார் நின்றுபோனது என்று இளவரசுவிடம் சரக்குக்குப் பஞ்சமே கிடையாது. எல்லாம் அண்ணனுக்கு நடந்தவை. சொல்லும்போது மட்டும் எப்படியோ 'நான்' என்று வந்துவிடும்.

உண்மை வேறு. சிறுவனாக இருந்தபோது அப்பா அவரை ஒரே ஒரு தடவை படகில் ஏற்றிக்கொண்டு போனார். கரை மறைவதற்குள் பையன் குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். வலையைக்கூட இறக்காமல் படகைத் திருப்ப வேண்டியதாயிற்று. "இவன் படிக்கட்டும்" என்று அப்பா அன்றைக்குச் சொன்ன வார்த்தைதான் இளவரசுவைப் பள்ளிக்கூடம், கல்லூரி, கண்ணாடிக் கடை என்று கொண்டுவந்து சேர்த்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் வடலூருக்குப் பெண் பார்க்கப் போனபோது, தனியாகப் பேச விட்ட ஐந்து நிமிஷத்தில், "நீங்க கடலுக்கெல்லாம் போயிருக்கீங்களா" என்று ரேகா கண்ணை அகல விரித்துக் கேட்டுவிட்டாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு யாரால் உண்மையைச் சொல்ல முடியும்?

அன்று பிடித்தது தலைவலி. குப்பத்துக்குப் போகும்போதெல்லாம் ரேகாவும் பிள்ளைகளும் ராஜவேலின் படகில் ஒரு சுற்று போய் வருவார்கள். இளவரசு கரையில் நின்று எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொள்வார். பிச்சாவரம் போனாலோ, படகு கிளம்புகிற நேரம் பார்த்து அவருக்குக் கடையிலிருந்து அவசரப் போன் வந்துவிடும். ராஜவேல் தங்கமான மனிதர், தம்பியை ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு இந்தக் கோடை விடுமுறை ஆப்பு வைத்தது. ரேகாவின் தம்பி செம்பியன் சென்னையில் ஒரு டிராவல்ஸில் வேலை பார்க்கிறான். அவன் கப்பல் வீடியோ ஒன்றை அனுப்பினான். தெருவையே தூக்கி நிறுத்தியது போல மாடி மாடியாக ஒரு கப்பல். சென்னையில் ஏறி, இரண்டு ராத்திரி கடலில் சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறங்கலாம். வீடு அந்த நிமிஷத்திலிருந்து தரையில் நிற்கவில்லை. ஒன்பதாவது முடித்திருந்த சிந்துஜா தன் தோழிகளுக்கெல்லாம் அப்போதே தகவல் அனுப்பி முடித்தாள். எட்டு வயதுக் கபிலன், சறுக்கிக்கொண்டு வந்து நீச்சல் குளத்தில் விழுகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். ரேகா சமையல்கட்டில் பாடத் தொடங்கினாள். இரண்டு நாளைக்குச் சாம்பாரா ரசமா என்று ஒருத்தரும் தன்னைக் கேட்கமாட்டார்கள் என்ற நினைப்பே அவளுக்குக் கிறுகிறுப்பாக இருந்தது.

அப்புறம் தேர்வு செய்யும் படலம். இலங்கை வரைக்கும் போகிற கப்பல் வேண்டும் என்றாள் சிந்துஜா. எந்நேரமும் ஐஸ்கிரீம் கொடுக்கிற கப்பல் எதுவோ அதுதான் வேண்டும் என்றான் கபிலன். இளவரசு மட்டும் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனில் வேறொன்றைப் படித்துக்கொண்டிருந்தார். கப்பலின் நடுப்பகுதியில், கீழே இருக்கிற அறைகள்தான் குறைவாக ஆடுமாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செம்பியனைக் கூப்பிட்டார்.

"மச்சான், கப்பலுக்கு நடுவுல ரூம் கெடைக்குமா?"

"கெடைக்கும் மாமா. எந்த மாடில போடட்டும்?"

"எவ்ளோ கீழ முடியுமோ அவ்ளோ கீழ."

"கீழ ஜன்னலே இருக்காது மாமா. பால்கனி ரூமா போடறேன், கடல பாத்துக்கிட்டே காபி குடிக்கலாம்."

"கடலு நான் பாக்காததா? ஜன்னல் இல்லாததே போடு."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ரேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஜன்னல் இல்லாத ரூம்ல படுக்கறதுக்கு எங்கப்பா வூட்டு ஸ்டோர் ரூம் போதுமே. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமாங்க?"

கஞ்சன் பட்டத்தை இளவரசு வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். இன்னொரு பட்டத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கபிலன் விவகாரம் ஒன்று இருந்தது. கடலூர் பஸ்ஸில் ஏறினால், புதுச்சத்திரம் தாண்டி ஆலப்பாக்கம் வருவதற்குள் அவன் வாந்தி எடுத்தாக வேண்டும். சட்டைப்பையில் ஆரஞ்சு மிட்டாய், கையில் எலுமிச்சம்பழம், மடித்த பிளாஸ்டிக் கவர் எல்லாம் தயாராகத்தான் ஏறுவான். "கடலுக்குப் போற வம்சத்துல பொறந்துட்டு பஸ்ல வாந்தி எடுக்கறியேடா" என்று ஒவ்வொரு தடவையும் இளவரசு சொல்வார். வேடிக்கையாகத்தான் சொல்வார். பையன் கவரின் வாயை முடிச்சுப் போட்டுக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வான்.

"இவன ஏத்திக்கிட்டுப் போயி ரெண்டு நாளும் பக்கெட்டோட திரிய என்னால ஆவாது" என்றாள் ரேகா. "ஞாயித்துக்கெழம பிச்சாவரம் போவோம். மோட்டார் போட்டுல மொகத்துவாரம் வரைக்கும் போயி பாப்போம். தாங்கினான்னா கப்பல். இல்லன்னா வழக்கம்போல ஏற்காடு."

கபிலனின் முகம் சுண்டிப்போயிற்று. அவன் நேராக அப்பாவிடம் வந்தான். "நீங்களும் வாங்கப்பா. எம் பக்கத்துல உக்காருங்க. நீங்க இருந்தா எனக்கு வராது."

அதற்கப்புறம் கடையிலிருந்து எந்தப் போன் வந்து என்ன பயன்?

ஞாயிற்றுக்கிழமை படகோட்டி கண்ணாயிரம் கை கொடுத்து ஏற்ற, இளவரசு படகில் உட்கார்ந்தார். சுரபுன்னைக் காட்டுக்குள் தண்ணீர் தட்டில் ஊற்றிய பால் மாதிரி அசையாமல் கிடந்தது. கால் மணி நேரம் ஒன்றுமே ஆகவில்லை. இளவரசுவுக்கே ஆச்சரியம், அதைவிடச் சந்தோஷம். வயசானால் சரியாகிவிடும் போலிருக்கிறதே என்று தெம்பு வந்து, சுறா கதையை எடுத்துவிட்டார். சுறா படகை முட்டுகிற கட்டத்தில் காடு முடிந்து முகத்துவாரம் வந்தது. கண்ணாயிரம் மோட்டாரை அடக்கினார். படகு ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, மறுபடியும் ஏறியது.

சுறா அங்கேயே நின்றுவிட்டது. இளவரசு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். காலையில் சாப்பிட்ட இட்லி கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

சிந்துஜா வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தாள். கபிலன் மட்டும் துள்ளி எழுந்தான். ஒரு கையால் அப்பாவின் முதுகைத் தடவினான், மறு கையால் எலுமிச்சம்பழத்தை அவர் மூக்கருகில் நீட்டினான்.

"கண்ண மூடாதீங்கப்பா, மூடினா ஜாஸ்தியா வரும். தூரத்துல அந்த மரத்தையே பாருங்க. இந்தாங்க கவரு. நான் புடிச்சிக்கிறேன்."

அன்றைக்கு அவனுக்கு வாந்தி வரவேயில்லை. வருவதற்கு அவனுக்கு நேரமில்லை.

"உங்களுக்கும் வருமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டான். இளவரசு நிமிர்ந்து பையனைப் பார்த்தார். அந்த முகத்தில் கேலி துளிகூட இல்லை, தீபாவளி விடியற்காலைச் சந்தோஷம்தான் இருந்தது. இத்தனை நாள் இந்தத் தலையைக் குனிய வைத்துவிட்டோமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சின்ன வயசுலேர்ந்தே வரும்டா. அதாலதான் தாத்தா என்ன படிக்க அனுப்புனாரு."

"அப்ப நான் உங்கள மாதிரியா?"

"அச்சு அசல் என்ன மாதிரி."

பையன் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆரஞ்சு மிட்டாயைப் பாதியாகக் கடித்து அப்பாவுக்கு ஒரு பாதி கொடுத்தான்.

ரேகாவுக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பதினஞ்சு வருஷமா செருப்புக்குக் காவலு நின்னது இதுக்குத்தானா? அப்ப அந்த சுறா?"

"அண்ணன் பாத்தது."

"புயலு?"

"அதுவும் அண்ணன்தான்."

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்கிட்ட சொன்னது?"

"அது மட்டும் நானே சொன்னது."

கண்ணாயிரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சிந்துஜாவுக்குச் சட்டென்று கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. "அம்மா, டெஸ்ட்டு கபிலனுக்குத்தான? அவன் பாஸு. அப்பா சிலபஸ்லயே இல்ல."

அந்த நியாயத்தை ரேகா ஒப்புக்கொண்டாள். கரையேறியதும் செம்பியனுக்குப் போன் போட்டாள். கபிலன் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"மாமா, ரெண்டு ரூம் போடுங்க. அம்மாவுக்கும் அக்காவுக்கும் பால்கனி. எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல, கீழ, ஜன்னல் இல்லாதது."

"ஏன்டா அப்பிடி?"

"நாங்க ரெண்டு பேரும் வாந்தி எடுக்கற ஆளுங்க மாமா" என்று படகுத்துறை முழுக்கக் கேட்கிற மாதிரி பெருமையாகச் சொன்னான்.

திரும்பி வரும் பஸ்ஸில், கிள்ளை தாண்டும்போது, பையன் பிளாஸ்டிக் கவர் ஒன்றை நாலாக மடித்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்தான். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இளவரசு கவரை வெளியே எடுக்கவில்லை.