ஆனா சார்

கண்ணாடி வில்லையைச் சுழலும் கல்லில் அழுத்திப் பிடித்துக்கொண்டே அவர் பேசுகிறார். "படம் நல்ல படம். நடிப்பு சுத்தம். ஆனா..." என்று நிறுத்தி, வில்லையைத் தண்ணீரில் நனைத்து, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கிறார். எதிரே ஒரு அம்மா மூக்கில் வெறும் பிரேமுடன் காத்திருக்கிறார். அந்த அம்மா கேட்க வந்தது கண்ணாடி எப்போது கிடைக்கும் என்பதைத்தான். பேச்சுவாக்கில் முந்தின நாள் பார்த்த படத்தைப் பற்றி வாய்விட்டுவிட்டார், அது அவருடைய கெட்ட நேரம். "ஆனா, அந்த ஆளு கடைசில ஏங்க மன்னிப்புக் கேட்டான்? கேக்காமப் போயிருந்தா நமக்கு ஒரு வாரம் தூக்கம் வந்திருக்காது. மன்னிப்புக் கேட்டு நம்மளத் தூங்க வெச்சுட்டான்."

கடைத்தெருவில் ஆனா சார் என்றால்தான் அவரைத் தெரியும். வில்லையைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது வேலை, இருபத்தாறு வருடமாக ஒரே கடை. முன்பெல்லாம் அவரை வாசல் பக்கக் கவுன்டரில்தான் உட்கார வைத்திருந்தார்கள். "இந்த பிரேம் உங்களுக்கு எடுப்பா இருக்கு. ஆனா, யார்கிட்டயோ திட்டு வாங்கிட்டு வந்தவர் மாதிரி தெரியுறீங்க" என்று ஒருவரிடம் சொன்னார். அடுத்த வாரம் இன்னொருவரிடமும் ஏதோ சொன்னார். முதலாளி அவரை ஸ்டூலோடு பின்னறைக்கு அனுப்பிவிட்டார். இப்போது வாடிக்கையாளர்கள் முதலாளியைத் தாண்டிக்கொண்டு பின்னறைக்கே போய்விடுகிறார்கள்.

வயது ஐம்பத்தெட்டு. ஒல்லியான ஆள். விரல் நுனிகள் எந்நேரமும் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும். சட்டைப் பையில் குட்டித் திருப்புளி ஒன்று உண்டு. பாட்டு, படம், புத்தகம் எது பற்றிப் பேசினாலும் அதை எடுத்துக் காற்றில் ஏதோ திருகாணியை முடுக்குவதுபோல் ஆட்டிக்கொண்டே பேசுவார். முழுதாகப் படிக்காத புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், உங்களையும் சொல்ல விட மாட்டார். "நூறு பக்கம் படிச்சேன், பிடிக்கல" என்று ஒருமுறை சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் ஒரு வாரப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிறவன். பதினோரு வருடமாக என் கண்ணாடி அவர் கையால் ஆனதுதான். என் விமர்சனங்களை ஒன்று விடாமல் படிப்பார். "நேத்து எழுதினது நல்லா இருந்துச்சு சார். ஆனா, படத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்பார். நான் அசடு வழிவேன். கூடவே, "எங்க வீட்டுல என்ன சொன்னாங்க தெரியுமா? இவரு யார் மனசும் நோகாம எழுதுற ஆளு, இவரு பேச்சக் கேட்டு ஒரு படத்துக்கும் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்பார். வீட்டில் என்றால் அவர் மனைவி.

அந்த அம்மாவை நான் அறிவேன். ஒரு பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் கடைக்கு வருவார், இருவரும் சேர்ந்து படத்துக்குப் போவார்கள், திரும்பும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வருவார்கள். இவருக்கு யாரும் அதிகம் பேசாத படம் பிடிக்கும். அந்த அம்மாவுக்கு ஒரு கைக்குட்டையாவது நனைய வேண்டும். இவருக்குப் பிடித்த பாடகர் ஒருவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகப் பாடுவார். அந்த அம்மா அந்தப் பாடகருக்கு வைத்த பெயர் பல்வலிக்காரர். அந்த அம்மாவுக்கு உயிரான பாட்டு ஒன்று உண்டு, மேளமும் சீழ்க்கையுமாக ஓடும் குத்துப்பாட்டு. இவர் அதைத் தகர டப்பா என்பார், முதல் சரணம் தொடங்குமுன் எழுந்துபோய் நிறுத்திவிடுவார். எல்லாவற்றையும்விடப் பெரிய தகராறு புத்தகத்தில்தான். அந்த அம்மா எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பார். "முடிவு நல்லா இல்லன்னா முந்நூறு பக்கம் எதுக்கு உழைக்கணும்?" என்று கேட்பார். இதைச் சொல்லும்போதெல்லாம் ஆனா சாருக்கு நிஜமாகவே முகம் சிவக்கும். முப்பது வருடத்தில் எந்தப் படத்திலும் எந்தப் பாட்டிலும் இருவரும் ஒத்துப்போனதில்லை என்று பெருமையாகச் சொல்வார்.

பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் அந்த அம்மா குளியலறை வாசலில் விழுந்தார். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. ஆமா. பசிக்கிறதா என்றால் ஆமா. பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. கோப்பையின் படத்தைக் காட்டி இது பேனாவா என்றால் அதற்கும் ஆமா. பேச்சுப் பயிற்சி தர வாரம் இரண்டு முறை ஒரு பெண் வருகிறார். இப்படிச் சிலருக்கு ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், அதற்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்பதில்லை என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் அந்த ஒரு சொல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. ஒரு சனிக்கிழமை அவர்களுடைய மகள் வந்திருந்தாள். தொலைக்காட்சியில் பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா நாலு முறை பார்த்து நாலு முறையும் அழுத படம். "அணைச்சிடவாம்மா?" என்று மகள் கேட்டாள். "ஆமா" என்று பதில் வந்தது. முடிவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அணைத்துவிட்டாள். இவர் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து பார்த்து, பதறிப்போய் மறுபடி போட்டார். "அவ கண்ணு கலங்கியிருக்கு பாரு" என்றார். "அப்பா, அம்மாவுக்கு இப்பல்லாம் எந்நேரமும் கண்ணுல தண்ணி வருதுப்பா" என்றாள் மகள். அவர் படம் முடியும்வரை நின்றுகொண்டே பார்த்தாராம்.

அதற்குப் பிறகுதான் கடையில் அவர் பேச்சு மாறியது. முன்பு ஒரு கருத்தோடு நிறுத்துவார். இப்போது இரண்டு பேர் பேச்சையும் அவரே பேசுகிறார். "படம் எனக்குப் பிடிச்சுது. ஆனா, எங்க வீட்டுல என்ன சொல்வாங்கன்னா, இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நடக்குறதுக்கு ஒரு படமான்னு கேப்பாங்க. அதுக்கு நான் என்ன சொல்வேன்னா..." என்று தொடங்கினால் வாதமும் எதிர்வாதமுமாக முழுச் சண்டையையும் ஒற்றை ஆளாக நடத்தி முடிக்கிறார். தெரியாதவர்கள் சிரிக்கிறார்கள். சில நாள் அந்த அம்மாதான் ஜெயிப்பார்.

போன மாதம் கண்ணாடியின் மூக்குப் பட்டை மாற்றப் போயிருந்தேன். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சார், அவ ஆமான்னு மட்டும் சொல்லல. சில சமயம் ஆனாங்கிறா."

எனக்குப் புரியவில்லை.

"நான் ஏதாச்சும் படத்தப் பத்திச் சொல்லிட்டு நிறுத்துறேன்ல, அப்பதான். 'ம' சொல்லணும்னா உதடு ஒட்டணும். 'ன'வுக்கு ஒட்ட வேணாம். நீங்களே சொல்லிப் பாருங்க."

சொல்லிப் பார்த்தேன். அவரும் சொன்னார். வளர்ந்த ஆண்கள் இருவர் ஒரு சின்ன அறையில் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆமா, ஆனா என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பயிற்சி தரும் பெண்ணிடம் கேட்டீர்களா என்றேன். வலது பக்க உதட்டில் பலம் இல்லை, அதனால் அப்படிக் கேட்கிறது, அது ஆமாதான் என்று அந்தப் பெண் சொன்னாராம். "அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. ஆனா, அதுக்கு இவளத் தெரியாதே சார்."

அவர் எதற்காகத் தவிக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆமா என்றால் அது வெறும் சத்தம். ஆனா என்றால் அவர் மனைவி உள்ளே சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறார், அடுத்த சொல் கிடைக்கத்தான் தாமதம்.

"எனக்கு என் காது மேல நம்பிக்கை போயிடுச்சு சார். ஆசப்பட்டுக் கேக்குற காது. நீங்க ஒருநா வந்து கேட்டுச் சொல்லணும். ஆனா, என் மனசு நோகுமேன்னு பாக்கக் கூடாது. அப்படிச் சொல்றதா இருந்தா வராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். தலை வாரி வகிடு எடுத்திருந்தது, வகிடு கொஞ்சம் கோணல். வலது கை மடியில் ஒரு தலையணைமேல் கிடந்தது. என்னைப் பார்த்ததும், வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கும் மரியாதையான முகத்தை வைத்துக்கொண்டார். விழுவதற்கு முன்பெல்லாம் என்னைக் கண்டதும் "வாங்க, இந்த வாரம் யாரக் காப்பாத்தப் போறீங்க?" என்று கேட்டவர் அவர்.

ஆனா சார் என் நாற்காலியை இழுத்து மனைவியின் முகத்துக்கு நேராகப் போட்டார். முதலில் பல்வலிக்காரர் பாட்டை வைத்தார். பல்லவி முடிந்ததும் நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல ஒரு பாட்டு உண்டா சொல்லு" என்றார்.

"ஆமா."

பிறகு, "நீ அழுதியே ஒரு தபால்காரர் படம், அது சுத்தக் குப்பைன்னு ஊரே ஒத்துக்கிச்சு" என்றார்.

"ஆமா."

அலமாரியிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்து அந்த அம்மாவின் கண்முன் நீட்டினார். "கடைசிப் பக்கத்த மொதல்ல படிக்கிறவங்களுக்குக் கதையே புரியாது. என்ன?"

அந்த அம்மா புத்தகத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். நான் முன்னால் சாய்ந்தேன். 'ன' வந்துவிட வேண்டும் என்று உண்மையிலேயே வேண்டிக்கொண்டேன்.

"ஆமா."

ஒவ்வொரு முறையும் உதடுகள் ஒட்டின. இடது பக்கம் சட்டென்று ஒட்டியது, வலது பக்கம் கொஞ்சம் பிந்தி ஒட்டியது. ஆனாலும் ஒட்டியது.

"சொல்லுங்க சார்" என்றார்.

எவ்வளவோ மோசமான படங்களுக்கெல்லாம் எங்கேயாவது தேடிப்பிடித்து ஒரு நல்ல வார்த்தை எழுதியிருக்கிறேன். அன்றைக்கும் நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாதான் சார். உதடு ஒட்டுது."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"ம்" என்றார்.

சொன்னது சரிதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. நாவலை அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். தண்ணீர் கொண்டுவந்து மனைவிக்கு மெல்லப் புகட்டினார், மோவாயில் வழிந்ததைத் துண்டால் ஒற்றினார். பிறகு போனை எடுத்துக் கொஞ்ச நேரம் எதையோ தேடினார்.

மேளமும் சீழ்க்கையுமாகப் பாட்டு தொடங்கியது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, தலையணைமேல் கிடந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். முதல் சரணம் போனது. இரண்டாவதும் போனது. இடையில் பாட்டுக்குள்ளேயே ஒரு அபத்தமான சிரிப்பு வந்தது, மறுபடி பல்லவி வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பாட்டு" என்றார் அவர்.

"ஆமா" என்றார் மனைவி.

நான் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பாட்டு முடிந்துவிட்டிருந்தது. மனைவியின் கையை விடாமல், மற்றக் கையை எட்டி நீட்டி, அவர் அதை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.