அம்மா கட்டிய கிழவி வேஷம்

வேஷத்துக்கு முகத்தில் பூசும் முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைக்கும்போது ஒரு மணம் வரும். தாராவியில் எங்கள் சந்துக்குள் அந்த மணம் தோல் கிடங்கின் வாடையோடும் சாக்கடையோடும் கலந்து, இன்னதென்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்றாகிவிடும். அறுபதுகளில், மழை ஓய்ந்து வெயில் தகரக் கூரைகளைக் காய்ச்சத் தொடங்கும் நாட்களில் அது எழுந்தால், தசரா வேஷங்கள் கிளம்பப் போகின்றன என்று அர்த்தம்.

எங்கள் சந்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து தோல் வேலைக்கு வந்தவர்கள். ஊரில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாக, கரடியாக, குறவனாக வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கோவிலில் செலுத்துவார்கள். ரயிலேறி ஊருக்குப் போக முடியாதவர்கள் சந்து முனையில் அம்மனுக்கு ஒரு சின்ன மேடை எழுப்பி, இங்கேயே அதைச் செய்தார்கள். கரடியைக் கண்டு அலறிய பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் பொரிகடலைக்காக அதே கரடியின் பின்னால் ஓடுவோம். வேஷம் கட்டுவது ஆண்கள் மட்டும்தான். பெண் வேஷமானாலும் ஆண்கள்தான்.

ஒரு வருஷம், காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததில் என் தம்பி நெஞ்சுக்கூடு தெரிய இளைத்துப் போயிருந்தான். அவன் தேறவேண்டுமென்று அப்பா கிழவி வேஷம் நேர்ந்துகொண்டார். சணல் முடி, முதுகில் துணி மூட்டை வைத்த கூன், வெள்ளைச் சேலை, ஊன்றுகோல். அப்பாவின் கிழவி சந்து முழுக்கப் பேர்போனது; வெற்றிலை கேட்டு ஆண்களை வம்புக்கிழுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடுவார். ஆனால் அந்த முறை கிடங்கு மேஸ்திரியான "முக்காதம்" அவருக்குச் "சுட்டி", அதாவது லீவு, தரவில்லை. பகலெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோலைப் புரட்டிவிட்டு, பொழுது சாயக் குளித்து, செருப்பில்லாமல் வேஷத்தோடு நடந்தார். சுண்ணாம்பு தின்ற காலில் கல் குத்திச் சீழ் வைத்தது. தசமிக்கு முந்தின நாள் கால் வீங்கி, பாயைவிட்டு எழ முடியவில்லை. பக்கத்துப் பாயில் தம்பி முனகிக்கொண்டிருந்தான். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா, "முடியை இங்க தாங்க. நான் போறேன்" என்றாள்.

"பொம்பள வேசங் கட்டுனா சந்துல என்ன பேசுவாங்க?"

"கெழவி வேசந்தான. ஆம்பள கெழவியாவலாம், பொம்பள ஆவக் கூடாதாக்கும்?"

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா முத்துவெள்ளையை அடர்த்தியாக அப்பிக்கொண்டு என்னிடம், "நான் வாயத் தொறந்தா தெரிஞ்சு போவும். நீதான் கேக்கணும், கேட்டியா" என்றாள்.

வாசல் வாசலாக நின்று, "அம்மனுக்குக் காணிக்கை போடுங்க" என்று நான் கேட்டேன். எல்லோரும் தட்டில் போட்டார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டீக்கடை முன்னால் மட்டும் ஆண்கள் அப்பாவென்றே நினைத்து வழிமறித்து, "ஏ மாடசாமி, ஆடாம போயிருவியோ?" என்றார்கள். அங்கிருந்த கொட்டுக்காரரும் அடிக்கத் தொடங்கிவிட்டார். அம்மா நின்றாள். தெருவில் தலைநிமிர்ந்து நடக்காதவள், அந்த ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காதவள், மெல்ல இடுப்பில் கை வைத்தாள். பிறகு ஆடினாள். அப்பாவின் ஆட்டம் அல்ல அது. இன்னும் மெதுவாக, இன்னும் குனிந்து, ஓர் உண்மையான கிழவி எதையோ தேடி அலைவதைப் போல இருந்தது. "இந்த வருசம் மாடசாமி பொம்பளையாவே மாறிட்டாம்ல" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும், தோல் பை தைக்கும் "கார்க்கானா"வின் வாசலில் அம்மா சரிந்து உட்கார்ந்தாள். அதை நடத்தியவரின் மனைவி கதீசா அக்கா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குனிந்து கொடுக்கும்போது அவர் கண் அம்மாவின் காலுக்குப் போனது. கழற்ற மறந்த மெட்டி விரலில் கிடந்தது. கதீசா அக்கா சேலையின் கீழ்க்கரையை இழுத்து விரல்களை மூடிவிட்டு, "குடி தாயி. இருந்துட்டு மெள்ளப் போ" என்று காதருகில் சொன்னார். அம்மா அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

மறுநாள் தசமியன்றும் அம்மாவே போய்க் காணிக்கையை மேடையில் கொட்டினாள். வீடு வந்து முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் படுத்து, "சோறு பானையில இருக்கு. நீங்களே போட்டுத் தின்னுங்க" என்றாள். எங்களுக்கு அவள் சோறு போடாத நாள் வேறொன்று எனக்கு நினைவில்லை.

தம்பி அதன்பின் மெல்ல மெல்லத் தேறினான். அம்மனாலா, ஆஸ்பத்திரி மருந்தாலா என்று எங்கள் வீட்டில் யாரும் விவாதித்ததில்லை. விவாதிக்கத் தெம்பும் இருந்ததில்லை.

தோல் கிடங்குகள் போய்விட்டன. சந்து இருந்த இடத்தில் கட்டடம் நிற்கிறது. இப்போது பெண்கள் தாராளமாக வேஷம் கட்டுகிறார்கள். உடைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அம்மாவும் அப்பாவும் இல்லை. தம்பி டோம்பிவிலியில் இருக்கிறான். லோக்கல் ரயிலில் நசுங்கிப் போய்வந்தே அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது முதல்முறையாக இதையெல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அம்மைக்கு ஆடத் தெரியுமாக்கா?" என்றான்.

தெரியும் என்றேன்.